ஆறாம் வார்டு ஆப்பிள்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் உடம்பு நன்றாக இருக்கும் மனிதர் யாரும் ஆப்பிள் சாப்பிடுவதில்லை. கொய்யா தின்போம், பேரிக்காய் தின்போம், லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் காய்க்கும் எதையும் பழுப்பதற்கு முன்பே தின்போம். ஆப்பிள் அந்தக் கணக்கில் வராது. அது கப்பலில் வந்து, பண்டாரவளைக் கடையில் வெள்ளை வலைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும். எங்கள் ஆட்கள் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அதற்கு மலையேறும் யோகம். ஆப்பிள் பையோடு நீங்கள் பூனாகலை பஸ்ஸில் ஏறினால், “எவ்வளவுக்கு வாங்கினீங்க?” என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். “எந்த வார்டு?” என்றுதான் கேட்பார்கள்.

பிறந்ததிலிருந்து பார்த்த இந்த விஷயத்தை இருபத்திரண்டு வயதில், வேண்டிய நேரம் பார்த்து நான் மறந்துபோனேன். அந்த வெள்ளிக்கிழமை நடந்ததெல்லாம் என்னால்தான் என்று ஏழு வருடமாக எல்லாரும் சொல்கிறார்கள். என்னால்தான். ஆனால் மன்னிப்புக் கேட்கமாட்டேன். அன்றைக்கும் கேட்கவில்லை.

அப்போது எனக்கு வீட்டில் ஒரு கெடு விதித்திருந்தார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு மூன்று வருடமாகச் சும்மா இருந்தேன். (சும்மா என்பது அம்மாவின் சொல். தண்ணீர் எடுத்தது, விறகு பொறுக்கியது, சமைத்தது எல்லாம் அதில் அடக்கம்.) மாதம் முடிவதற்குள் பக்கத்தில் ஒரு வேலை கிடைக்காவிட்டால், அடுத்த லயத்துப் பாக்கியம் அத்தையின் மகளோடு கொழும்புக்குப் போய்ப் புடவைக் கடையில் நிற்க வேண்டும். அந்த வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் அப்படி நின்றுதான் வீட்டுக்குக் கூரை போட்டார்கள். ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குச் சமையலறை பிடிக்கும். விரித்த சேலையை மறுபடி மடிப்பதற்காக நான் பிறக்கவில்லை என்று திடமாக நம்பினேன்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது பண்டாரவளைக் கடைச் சுவர் ஒன்றில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். டவுனுக்கு வெளியே ஒரு விருந்தினர் விடுதிக்கு, இனிப்பு வகை செய்யத் தெரிந்த பெண் தேவை. அங்கேயே நின்று போன் போட்டேன். எடுத்தவர் விடுதிக்காரம்மா, நஸீமா மேடம்.

“அப்பிள் கிரம்பிள் செய்யத் தெரியுமா மகள்?”

“தெரியுமே” என்றேன்.

(எதிரில் முகம் இல்லாவிட்டால் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது!) கிரம்பிளை நான் கண்ணால் கண்டதில்லை. ஓவனை டவுன் கடைக் கண்ணாடிக்கு உள்ளே, கதவு மூடியபடி பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அங்கேயும் ஒன்று செய்து காட்ட வேண்டுமாம். வீட்டில் வாய் திறக்கவில்லை. வேலை கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் பத்து லயத்துக்கும் தெரியாமல் போகட்டும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை முழுவதும் போனில் கிரம்பிள் வீடியோ பார்த்தேன். ‘முதல் முறை பேக் செய்பவர்களுக்கான மிகச் சுலபமான ஆப்பிள் இனிப்பு’ என்று தலைப்பு. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஆப்பிளை வெட்டினாள், கறுவாத் தூள் தூவினாள், மாவையும் பட்டரையும் சீனியையும் விரல் நுனியால் உதிரியாகப் பிசைந்து மேலே கொட்டினாள். பிறகு நூற்றியெண்பது டிகிரியில் நாற்பது நிமிடம் வைக்கச் சொன்னாள். எங்கள் விறகடுப்புக்குத் தெரிந்தது இரண்டே டிகிரி. ஒன்று எரியும், இல்லையென்றால் புகையும்.

வெள்ளிக்கிழமை எனக்கென்றே அமைந்த நாள் மாதிரி இருந்தது. லுணுகலையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக் கூரையைப் பார்க்க அப்பா முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். (போனைச் சார்ஜில் மறந்து வைத்துவிட்டுப் போனார். அதுவும் என் குற்றப்பத்திரிகையில் பிறகு சேர்ந்தது.) அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். நான் பண்டாரவளைக்குப் போய் எட்டு ஆப்பிள் வாங்கிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் ஏறினேன். ஏறிப் பார்த்தால், கிளினிக்குக்குப் போய்விட்டுத் திரும்பும் பாக்கியம் அத்தை பக்கத்து சீட்டில்.

அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை, மடியைத்தான் பார்த்தார்.

“ஆத்தாடி, எட்டு ஆப்பிள்! யாருக்கு என்னாடி?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பஸ் முதல் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் நேர்முகத் தேர்வு விஷயம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே, “தெரிஞ்ச ஒருத்தருக்கு முடியலங்க அத்த” என்றேன்.

“எங்க வச்சிருக்கு?”

“பதுளைல.”

“எந்த வார்டு?”

“ஆறு.”

ஆறு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது. பெருமூச்சு விட்டார், என் தலையைத் தடவினார், அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாக்கியம் அத்தை கேள்வி கேட்காமல் இருந்தால் விடையை அவரே கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எவ்வளவு சுலபமாகத் தப்பித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டில் கக்கூஸ் கட்ட இறக்கியிருந்த மணலில் கொஞ்சம் அள்ளி, வறுத்து, பெரிய சட்டியின் அடியில் பரப்பினேன். ஆப்பிளையும் உதிரி மாவையும் போட்ட அலுமினியத் தட்டை அதன்மேல் வைத்து, சட்டியை மூடி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டேன். ஓவனுக்கு மேலும் கீழும் சூடு, என் சட்டிக்கும் மேலும் கீழும் சூடு. அந்த யோசனையில் இன்றைக்கும் ஒரு பிழையும் இல்லை என்பேன். அரை மணி நேரத்தில் வீடெல்லாம் கறுவா வாசம் வந்தபோது, என்னைப் போல ஒரு கெட்டிக்காரி ஊவா மாகாணத்திலேயே இல்லை என்று தோன்றியது.

இதற்கிடையில் பாக்கியம் அத்தை கொழுந்து மடுவத்துக்குப் போயிருந்தார். மாலை நிறுவைக்காக எல்லாப் பெண்களும் அங்கேதான் கூடுவார்கள். ராசண்ணனைக் காலையிலிருந்து காணோம், மகள் எட்டு ஆப்பிளோடு வருகிறாள், ஆறாம் வார்டு என்கிறாள், கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று கூட்டிச் சொல்லியிருக்கிறார். (ராசு என்பது என் அப்பா.) யாரோ ஒருத்தி, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறியதைக் கண்ணால் கண்டதாகச் சாட்சி சொன்னாளாம். அப்பா எப்போதும் அப்படித்தான் பஸ் ஏறுவார். சட்டைப் பையை யாரும் அடித்துவிடக் கூடாது என்ற பயம்.

நாலரை மணிக்கு அம்மா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்தாள். பின்னால் இருபது பேர்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடி! அப்பாவுக்கு என்னா ஆச்சு?”

“அப்பாவுக்கா? அப்பா லுணுகலைக்குப் போயிருக்காரும்மா!”

“மறைக்காதடி! ஒன் மூஞ்சியே சொல்லுது!”

என் முகம் புகையில் சிவந்திருந்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது. யார் பார்த்தாலும் அழுத முகம் என்றுதான் சொல்வார்கள். யாரோ அப்பாவின் நம்பருக்குப் போன் போட்டார்கள். அது எங்கள் வீட்டு மூலையில், சார்ஜரில் கிடந்து பாடியது. “ஐயோ, போனக்கூட விட்டுட்டுத் தூக்கிக்கிட்டுப் போயிருக்காங்களே!” என்று பாக்கியம் அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. லுணுகலை அத்தைக்குப் போன் போட்டேன், அங்கே சிக்னல் இல்லை. அதையும் கெட்ட செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், வெறுங்கையோடு ஒருவரும் வரவில்லை. தோட்டத்துக் கடையில் எப்போதும் ஒரு தட்டு ஆப்பிள் இருக்கும், அவசரத்துக்கு. அந்தத் தட்டு முழுவதும் எங்கள் வீட்டுக்கு வந்தது. கூடவே மாரி பிஸ்கட், மால்ட் மா டின், பால்மா பெட்டி. எங்கள் ஆட்களுக்கு அன்பு காட்டத் தெரிந்த வழி அது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம்தான்.

வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட வேண்டும் என்று பாக்கியம் அத்தை அடுப்படிக்குள் போனார். போனவர் அங்கிருந்தே கத்தினார்.

“அப்பன் ஆஸ்பத்திரில கெடக்கான், இவ கேக்கு போடுறா பாருங்கடி!”

நான் ஓடுவதற்குள் சட்டியை இறக்கக் கை வைத்துவிட்டார். மூடி சரிந்தது. தணலும் சாம்பலும் அப்படியே என் கிரம்பிளில் கொட்டின. அத்தை பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்து ஊற்றினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். எட்டு ஆப்பிளும், கொழும்பிலிருந்து தப்பிக்க எனக்கிருந்த ஒரே வழியும், மணலோடு சேர்ந்து கறுப்புக் கஞ்சியாகிவிட்டன.

அப்போது நான் அழுதேன். அதுவரை அழாதவள் அப்போது ஓவென்று அழுததும், “இப்பத்தான் புள்ளைக்குத் தொயரம் வெளிய வருது” என்று சொல்லி மூன்று பேர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஆறு மணி பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

“என்னாங்க இது? வீட்ல யாருக்கு என்னா?”

பாக்கியம் அத்தை எழுந்து அவர் காலைப் பார்த்தார். கால் இருந்தது.

“அண்ணே… நீங்க நடந்தேவா வந்தீங்க?”

“பின்ன? பஸ்ல வந்து, அங்கேருந்து நடந்துதான் வரேன். என்னாடி ஆச்சு?”

அம்மா எழுந்து போய் முதலில் அவர் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதே தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். “போன எடுத்துக்கிட்டுப் போனா என்னா கொறஞ்சிரும் ஒங்களுக்கு!” என்று அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அடித்தாள். அது முடிந்ததும் இருபது தலைகளும் ஒன்றாக என் பக்கம் திரும்பின.

இனி மறைக்க என்ன இருக்கிறது? எழுந்து நின்றேன்.

“ஆமா, பொய்தான் சொன்னேன். நாளைக்கு ரெண்டு மணிக்கு பண்டாரவளைல எனக்கு ஒரு வேலைக்கு இன்டர்வியூ. இனிப்பு செஞ்சு எடுத்துக்கிட்டு வரச் சொன்னாங்க. அதுக்குத்தான் ஆப்பிள். ஒங்ககிட்டச் சொன்னா, கெடைக்கலன்னா வருசம் முழுக்கச் சிரிப்பீங்க. அதான் சொல்லல. ஆப்பிள்னா நோயாளிக்குத்தான்னு யாருங்க சட்டம் போட்டது? நல்லா இருக்கிறவங்க தின்னா தொண்டைல எறங்காதா?”

நல்ல பேச்சுதான். மூக்கில் கரி இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எடுபட்டிருக்கும். யாரும் கைதட்டவில்லை. “வாயப் பாரு” என்றபடி ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகும்படி அம்மா கெஞ்சினாள். யாரும் தொடவில்லை. நோயாளிக்கென்று கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்தால் நோயும் கூடவே வீட்டுக்கு வந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. “அப்ப நான் நோயாளியாவே இருந்து தொலையிறேன்” என்று சொல்லிவிட்டு அப்பா ஓர் ஆப்பிளை எடுத்துக் கடித்தார். “கொழும்புக்குத் துணிய எடுத்து வை” என்பதைத் தவிர அம்மா அன்று என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை.

சனிக்கிழமை காலையில் அம்மா வேலைக்குப் போன பிறகு, அந்தக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். என்னிடம் மாவு இல்லை, பட்டர் கொஞ்சம்தான் மிச்சம், மணலை இனி நம்புவதாக இல்லை. ஆனால் ஆப்பிள் இருந்தது. மாரி பிஸ்கட் மலை போல இருந்தது. மால்ட் மா மூன்று டின். ஆஸ்பத்திரிச் சாமான் எல்லாம் இருந்தது, ஆஸ்பத்திரிதான் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் நல்ல யோசனைகள் கோபத்தில்தான் வரும்.

ஆப்பிளைத் தோல் சீவி, துண்டு போட்டு, தாச்சியில் கொஞ்சம் பட்டரும் சீனியும் சேர்த்து வதக்கினேன். கறுவாப் பட்டையை இடித்துப் போட்டேன். துண்டு மெத்தென்று ஆனதும் இறக்கினேன். பிஸ்கட்டை நொறுக்கி, மிச்சப் பட்டரில் பொன்னிறமாக வறுத்து, இரண்டு கரண்டி மால்ட் மா சேர்த்துப் புரட்டி மேலே கொட்டினேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு மூடி போட்ட டின்னில் அடைத்துக்கொண்டு கிளம்பினேன். விடுதி எப்படிப்பட்ட இடம் என்று பார்க்க வேண்டும் என்று அப்பாவும் கூடவே வந்தார். பஸ்ஸில் ஒவ்வொருவரும் எழுந்து, “எப்படிங்க இருக்கு இப்ப?” என்று அவருக்கு இடம் கொடுத்தார்கள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நஸீமா மேடம் வீடியோக்காரி மாதிரி சிரிப்பவர் இல்லை. டின்னை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என்னை நேரே ஓவனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“முதல்ல இதச் சூடாக்குங்க மகள்.”

பளபளவென்று இருந்தது. நான்கு திருகிகள். கதவைத் திறந்து குனிந்து உள்ளே பார்த்தேன். விறகு வைக்க இடம் தெரியவில்லை, சரி, கேஸ் போல என்று முடிவு செய்தேன். நிமிர்ந்து, இயன்றவரை அனுபவசாலியின் குரலில் கேட்டேன்.

“தீப்பெட்டி எங்கங்க வச்சிருக்கீங்க?”

அது கரண்ட் ஓவன். வயர் என் காலடியில்தான் கிடந்தது.

மேடத்தின் பேச்சில் ‘சொல்லு’ எப்போதும் ‘செல்லு’தான். “உண்மையச் செல்லுங்க. நீங்க ஓவன்ல ஒரு நாளாவது வேல செஞ்சீக்கா?”

“இல்லைங்க.”

“கிரம்பிள் தெரியுமா?”

“தெரியாதுங்க. ஒண்ணு செஞ்சேன், அதுல தணல் விழுந்துருச்சு.”

“அப்ப பொய்யா செல்லி வந்தீங்க?”

“ஆமாங்க” என்றேன். “உண்மையச் சொல்லியிருந்தா வரச் சொல்லியிருப்பீங்களா? எங்க லயத்துல ஓவன் இல்ல. ஓவன் இல்லாத புள்ள ஓவன் வேலைய எங்க போய்ப் படிக்கிறது? இங்க வந்து படிக்கலாம்னுதான் வந்தேன்.”

ஆரம்பித்தது ஆரம்பித்ததுதான் என்று முதல் நாள் கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். ஆறாம் வார்டு, தணல், மால்ட் மா எல்லாம். முடிந்ததும் மேடம் டின்னைத் திறந்து ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார். பிறகு வெளியே பெஞ்சில் இருந்த அப்பாவை எட்டிப் பார்த்தார்.

“நீங்கதானா அந்த நோயாளி? இப்ப சுகமா?”

“எனக்கு ஒண்ணும் இல்லங்கம்மா. அதுதான் ஊர்ல எல்லாருக்கும் கோவம்” என்றார் அப்பா.

மேடம் இன்னொரு கரண்டி எடுத்தார். “இது கிரம்பிள் இல்ல” என்றார். அதையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, “மரக்கறி வெட்டத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும்.”

“இது பொய்யா?”

“இல்லைங்க. சத்தியமா.”

“திங்கக்கிழம காலைல வாங்க. நான் செல்லும்வரைக்கும் ஓவன் பக்கம் போகக் கூடாது.”

நான்கு மாதம் கரட்டும் லீக்ஸும் வெட்டினேன். ஓவனைத் தூரத்தில் நின்று பார்த்தேன். ஐந்தாவது மாதம் மேடம் தானே கூப்பிட்டுத் திருகியைக் கையில் கொடுத்தார். இன்றைக்கு அந்த விடுதியின் இனிப்பு எல்லாம் என் பொறுப்பு. முறையான கிரம்பிள் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஆனாலும் முதல் முறை செய்யப் போகிறேன், என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால் தாச்சியைத்தான் காட்டுவேன். ஓவன் வேண்டாம், டிகிரி வேண்டாம். ஆப்பிளை வதக்குங்கள், பிஸ்கட்டை வறுத்துப் போடுங்கள். சூடாகச் சாப்பிடுங்கள், முக்கியமாக, உடம்பு நன்றாக இருக்கும்போது சாப்பிடுங்கள். எங்கள் லயத்தில் இப்போது தீபாவளிக்கு அதைச் செய்கிறார்கள். அதற்குப் பெயர் ‘ஆறாம் வார்டு’. “இன்னும் கொஞ்சம் ஆறாம் வார்டு போடுடி” என்று கேட்டு வாங்குபவர்களில் முதல் ஆள் பாக்கியம் அத்தை.

போன வருடம் அப்பாவுக்குக் குடலிறக்கம் என்று பதுளையில் உண்மையாகவே அட்மிட் செய்தோம். பாக்கியம் அத்தைக்கு நான்தான் போன் போட்டுச் சொன்னேன். மறுபக்கம் அத்தை சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்தது.

“ஒனக்கு எத்தன ஆப்பிள் வேணும்னு நேரா கேளுடி. எதுக்கு அண்ணன மறுபடி படுக்க வைக்கிற?”

ஐந்து நாள் அப்பா படுத்திருந்தார். தோட்டத்திலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு வைக்க இடமில்லாமல் ஆப்பிள் குவிந்தது. அப்பா அதையும் பார்ப்பார், என்னையும் பார்ப்பார். நான் ஜன்னலைப் பார்ப்பேன். தேறி வீட்டுக்கு வந்த அன்றே, “பேசாம படுங்க” என்று அம்மா கத்தக் கத்தக் கேட்காமல், தடியை ஊன்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினார்.

பாக்கியம் அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

“தையல் நல்லாத்தான் இருக்குண்ணே. இதையும் ஒங்க மகதான் செஞ்சாளா?”

அன்று மாலையே ஆப்பிள்கள் வந்தன, ஒரு கூடை நிறைய. கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு அப்பா அத்தனையையும் பச்சையாகவே தின்று தீர்த்தார். எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை.